பிடியரிசிக் கணக்கு

சென்ற கிழமை மாலைப்பொழுதொன்றில் எம்மைத் தேடிப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வந்திருந்தார். எம் ஊர்க் கோவிலின் ஆண்டுநிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதும் பொறுப்பைச் சபையார் அவர் தலையிற் சுமத்தியிருக்கின்றனர். (இளையோர் எவரேனும் சும்மா இருக்கக் கண்டால் சபையாருக்குப் பொறுக்காது.) கோவிற் பெட்டகத்திலிருந்து எடுத்துவந்த பழைய கணக்குக் கொப்பி ஒன்று அவர் கையில் இருந்தது. கரைகளைச் செல் அரித்துவிட்டபோதிலும் எழுத்து முத்து முத்தாய் நிற்கின்றது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட கொப்பி. அதன் வரவுப் பக்கத்தில் மாதந்தோறும் தவறாது வரும் ஒரு வரியைச் சுட்டி, "ஐயா, 'பிடியரிசி விற்ற வகையில்' என்று போட்டிருக்கிறது. பிடியரிசி என்பது என்ன இனம்? மொட்டைக்கறுப்பன் போல ஒரு நெல்லோ?" என்று வினவினார்.

நாம் நகைத்துவிட்டோம். நகைத்த பின் நாணினோம். அறியாதது அவர் குற்றமன்று. சொல்லாதது எம் குற்றம். ஆகவே அவருக்கு அன்று கூறியதை நேயர்களுக்கும் கூறுகின்றோம். அவர் படலையடியில் நின்று கேட்ட இரண்டாவது வினா ஒன்றும் உண்டு. அதற்கு அன்று மறுமொழி சொல்ல எமக்கு நா எழவில்லை. அதைப் பின்னர் பார்ப்போம்.

எம் தாய்மார் காலத்தில் ஒவ்வொரு கிறிஸ்தவ வீட்டுக் குசினியிலும், அடுப்புக்குச் சற்று எட்டத்தில், புகைபடாத மூலையில் ஒரு தகரப்பேணி இருக்கும். சில வீடுகளில் அது மூடியிட்ட பனையோலைப் பெட்டி. உலை வைத்தவுடன் அரிசியைச் சுண்டினால் அளந்து சுளகிற் கொட்டுவார்கள். வீட்டுக்காரருக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு, வழியே வருவார் போவாருக்கு இவ்வளவு என்பது கணக்கு. அளந்து முடிந்த பின், அரிசி களையுமுன், தாயானவள் அதிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பேணிக்குள் இடுவாள். ஒரு சிறு செபம் சொல்லி இடுவாரும் உண்டு. ஒன்றும் சொல்லாது இட்டுவிட்டு அடுப்பை ஊதப் போவாரும் உண்டு.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அந்தப் பிடி அரிசிச் சாக்கிலிருந்து எடுப்பதன்று, அளந்த அளவிலிருந்து எடுப்பது. ஆதலால் அன்று அவ்வீட்டில் யாரோ ஒருவருடைய வயிறு ஒரு பிடி குறைந்தே நிறையும். அந்த ஒருவர் யார் என்பதை நேயர்கள் எளிதில் ஊகிக்கலாம். எல்லாரும் உண்டெழுந்த பின் சட்டியைத் துடைத்து உண்பவள் எவளோ, அவளே.

யாழ்ப்பாணத்தில் அரிசி என்றும் அருமையான பண்டம். எமக்கு ஆறில்லை. ஆவணி புரட்டாதியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியிருந்து, தை மாசியில் அரிவு வெட்டும் ஒரு போகமே எம் வயல்களுக்கு. குடாநாடு தனக்கு வேண்டிய நெல்லைத் தானே விளைத்துக்கொண்ட காலம் இல்லை என்றே சொல்லலாம். வன்னியிலிருந்தும் கடல் கடந்தும் வந்ததே எம் சோறு. போர்க்காலத்துப் பங்கீட்டு அரிசியை உண்டு வளர்ந்தோர் சிலர் இன்னும் எம்மிடையே இருக்கின்றனர். 1953ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்ந்தபோது நாடே கொதித்தெழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆந் தேதி நடந்த ஹர்த்தாலை வரலாற்று மாணவர் அறிவர். அந்த நாட்களிலும் பேணிக்குள் பிடி விழுந்தது என்று எம் தாயார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பிடி சிறுத்ததோ என்று கேட்டதற்கு, "கை அதே கைதானே" என்றார்.

பிடிக்கு நாற்பது கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு பிடி வைக்கும் வீடு ஆண்டுக்கு 14 கிலோவுக்கு மேல் கொடுக்கும். நூறு வீடுள்ள சபையானால் அது 1,460 கிலோ. உபதேசியாருக்குச் சம்பளமும், ஏழைப் பிள்ளைக்குக் கொப்பியும், விதவைக்குப் புடைவையும் இதிலிருந்து பிறந்தன. இவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்குள்ள அமெரிக்க மிசன் சபைகளில் வேர்கொண்டுவிட்டது. வளவில் நிற்கும் தென்னையொன்றை இது கர்த்தருடையது என்று ஒதுக்கிவைத்து, அதன் காயை வீட்டுக்கறிக்குத் தொடாத குடும்பங்களும் இருந்தன.

இதைப் பெண்களின் காணிக்கை என்றே சொல்லவேண்டும். தேசவழமையின்படி சீதனக் காணி மனைவியின் உடைமைதான்; ஆயினும் கணவன் சம்மதமின்றி அதை அவள் விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. ஆண்களின் காணிக்கை கோவிற் சுவரிற் கல்வெட்டாய் நிற்கும். பிடியரிசிக்கு எவருடைய கையொப்பமும் வேண்டியதில்லை, கல்வெட்டும் இல்லை.

இது எமக்கு மாத்திரம் உரியது என்று பெருமை கொள்ளவும் வேண்டாம். எம் அயலவரான சைவ மக்கள் மடங்களுக்கும் கோயில்களுக்கும் பிடியரிசி வைத்தவர்களே. காஞ்சிச் சங்கராசாரியார் தமிழகத்தில் ஊக்குவித்த பிடியரிசித் திட்டத்தை அறியாதார் சிலரே. இந்தியாவின் வடகிழக்கு மலைகளில் வாழும் மிசோ கிறிஸ்தவப் பெண்கள் 1910 அளவில் தொடங்கிய பிடியரிசிக் காணிக்கை இன்றும் அவர்தம் சபைகளைத் தாங்கி நிற்கின்றது. உலைக்குமுன் நிற்கும் பெண்ணுக்கு எந்நாட்டிலும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கின்றது போலும்.

சனிக்கிழமை தோறும் ஓய்வுநாட்பாடசாலைச் சிறுவர் இருவர் மூவராய்ச் சேர்ந்து, ஒரு கடகமும் ஒரு சாக்குமாய் வீடு வீடாகச் சென்று பேணிகளைக் கவிழ்த்து வருவர். நாமும் சென்றிருக்கின்றோம். புழுங்கலும் பச்சையும், சிவப்பும் வெள்ளையும், நெல்லும் உமியும் எல்லாம் ஒரே சாக்கில் விழும். மறுநாள் ஆராதனை முடிந்தபின் கோவில் வாசல் வேம்பின் கீழ் அதைக் கூறி விற்பர். அந்தக் கலப்பரிசியைச் சோறாக்குவது ஒரு சோதனை. ஒன்று வேகுமுன் மற்றொன்று குழைந்துவிடும். கோழி வளர்ப்போர் விரும்பி வாங்குவர். வேறு வழியில்லாதோர் விரும்பாமலே வாங்குவர்.

இவ்வளவும் கேட்ட மாணவர் மிக்க மகிழ்ச்சியோடு குறிப்பெடுத்துக்கொண்டார். தேநீர் அருந்தினார். எழுந்து படலைவரை சென்றவர் கொப்பியைத் திரும்பவும் விரித்து, அறுப்பின் பண்டிகைச் செலவுப் பக்கத்தைக் காட்டினார். "வரவில் பிடியரிசி என்று ஒரே தலைப்புத்தான் இருக்கிறது. செலவிலே 'முதற்பந்தி' என்று ஒன்றும், 'வெளிப்பந்தி' என்று ஒன்றும் இருக்கிறதே, ஐயா. அது ஏன்?" என்றார்.

நேயர்களே, அது ஏன் என்பது எமக்குத் தெரியும். எம் வயதினர் எல்லாருக்கும் தெரியும்.

எம் நாட்டு வழக்கிலே அரிசிக்குத் தீட்டில்லை, சோற்றுக்கு உண்டு. உமி நீங்கிய அரிசியை எவர் கையிலிருந்தும் வாங்கலாம். அது உலையில் வெந்தவுடன், வேக வைத்த கை யாருடையது என்ற கேள்வி பிறந்துவிடும். ஆகவே எம் சாக்குக்குள் எல்லா ஒழுங்கையின் அரிசியும் கலந்தது. பந்தியிலே ஆட்கள் கலக்கவில்லை. முதற்பந்தி மண்டபத்துக்குள். வெளிப்பந்தி பின்வளவில், அதே சோறு, அதே கறி, நேரஞ் சென்று.

இது நேற்று முளைத்த களையன்று. அமெரிக்க மிசனார் இங்கே முதன்முதல் விடுதிப் பள்ளிகளைத் தொடங்கியபோது, மிசன் வளவிற் சமைத்ததை உண்ண உயர்குலத்துப் பிள்ளைகள் தயங்கினர். சமையலையும் சாப்பாட்டையும் அயல் வளவுக்கு மாற்றியே அவர்களைப் பள்ளியில் நிறுத்த முடிந்தது. பாதிரிமார் அதற்கு இணங்கினர். அன்று இணங்கியிராவிட்டால் பள்ளியே இருந்திராது என்று சொல்வாருக்கும் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சமையற்கொட்டில் பின்பு எம் மனத்துக்குள் குடிவந்துவிட்டது. கடலுக்கு அப்பால் தஞ்சையிலும் இதே வழக்கு நடந்தது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சபைகளில் சாதிப் பிரிவினை முற்றாக ஒழியவேண்டும் என்று கட்டளையிட்டபோது சபைகள் பிளந்தன. எம் பாட்டிமார் போற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே அக்கட்டளையை எதிர்த்து நின்றார். பெரும்புலவரின் பக்தியில் எமக்கு ஐயமில்லை. அவர் பக்கம் நிற்க மட்டும் எம்மால் இயலவில்லை.

எதிர்நீச்சலிட்டோரும் இங்கு இருந்தனர். 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்பு வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது, தன் மாநாடுகளிற் சமபந்தி போசனம் நடத்தியது. அதன் தூண்களில் ஒருவரான ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவர். காந்தியடிகளை 1927இல் யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றவர்களும் இவ்விளைஞர்களே. பள்ளிகளில் 'சம ஆசனம்', 'சம போசனம்' என்பதற்காக அக்காலத்தில் நடந்த போராட்டம் சிறிதன்று. ஒரே வாங்கில் இருந்து படிப்பதற்கே அவ்வளவு பாடு. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும் நிறைவேறியது. வழிபாட்டிடங்களிற் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றாயிற்று. எம் கணக்குக் கொப்பி அச்சட்டத்துக்குப் பிந்தியது. எம்மூரில் எவரும் எவரையும் தடுக்கவில்லையே! வெளிப்பந்திக்கு அன்போடு அழைத்தோம்.

பிடியரிசி சேர்க்கச் சென்ற நாட்களில் ஒன்றை எம்மால் மறக்க முடியவில்லை. சித்திரை வெயில். எமக்கு ஒன்பது வயதிருக்கும். எம் சுற்றின் கடைசி ஒழுங்கையின் கடைசி வீடு. அந்த வீட்டு அம்மையார் எம் தாயாரிலும் மூத்தவர். ஆயினும் எம் வீட்டில் அவரை 'நீ' என்றே பேர்சொல்லி அழைப்பர். அவரோ ஒன்பது வயதுச் சிறுவராகிய எம்மை 'நீங்கள்' என்பார். அவ்வீட்டுப் பேணி எப்போதும் விளிம்புவரை நிறைந்திருக்கும். அன்று நா வரண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டோம். அவர் கை செம்பு வரை சென்று திரும்பியது.

"தண்ணி இங்கை வேண்டாம், தம்பி. கோவில் கிணத்தடியிலை போய்க் குடியுங்கோ. அப்பா அறிஞ்சால் உங்களுக்குத்தான் அடி."

அரிசியைச் சுமந்துகொண்டு வந்துவிட்டோம். அடி விழாது தப்பினோம் என்ற நிம்மதியே அன்று எமக்கு இருந்தது என்பதை மறைக்காமற் சொல்லவேண்டும். அவருடைய அரிசி எம்மிடம் வந்தது. அவருடைய தண்ணீர் வரவில்லை.

பின்பு 1995 வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததை அனுபவித்தோருக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. அனுபவியாத இளையோருக்கு எவ்வளவு விவரித்தாலும் போதாது. ஓரடி வைக்க ஒரு நாழிகை. கொட்டும் மழையில் குடையைக் கவிழ்த்துப் பிடித்து, அதில் தேங்கிய நீரைப் பிள்ளைகளுக்குப் பருக்கினோம். அந்தக் குடைநீர் யாருடைய குடையில் விழுந்தது என்று எவரும் கேட்கவில்லை. கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு பாடசாலையில் ஒதுங்கியபோது, எண்ணெய்த் தகரத்தை வெட்டி அடுப்பிலேற்றிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார் ஒரு பெண். அந்தக் கடைசி வீட்டு அம்மையாரின் மகள். பாத்திரம் இல்லாமையால் சிரட்டையில் வார்த்து எம் கையிற் கொடுத்தார். ஒரு காலத்தில் எம் வளவில் வேலை செய்த அவர் தந்தைக்குத் தேநீர் வார்த்ததும் சிரட்டையிலேதான். அவருக்கு அது நினைவிருந்ததோ என்னவோ, எமக்கு இருந்தது. குடித்தோம். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தோம்.

அடுத்த ஆண்டு சித்திரையில் ஊர் திரும்பினோம். கூரையில்லா வீடு, கதவில்லாக் கோவில், புல் மூடிய கிணறு என்று ஆயிரம் வேலை. அவற்றையெல்லாம் செய்து முடித்தோம். அந்த ஒழுங்கைக்கு மட்டும் செல்லவில்லை. கோவில் வாசலிற் கண்டால் நலம் விசாரிப்போம். கலியாணம், செத்த வீடு என்றால் தலை காட்டி, கதிரையில் அரை மணி நேரம் இருந்து, சோடா ஒன்றை உடைத்துக் குடித்துவிட்டு எழுந்துவிடுவோம். போத்தற் சோடாவுக்குத் தீட்டில்லை என்பதை யாழ்ப்பாணத்தார் எப்படியோ கண்டுபிடித்துவிட்டனர்.

இப்போது எம் சபையிற் பேணி இல்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் கோவிற் கூரை மாறியது, ஒலிபெருக்கி வந்தது. பணம் அனுப்புவோரை நாம் குறைசொல்லமாட்டோம். குளிர்நாட்டில் இரட்டை வேலை செய்து அனுப்புகின்றனர். அறுப்பின் பண்டிகைக்குப் பொதிச்சோறு கடையிலிருந்து வருகின்றது. ஆளுக்கொரு பொதி, அவரவர் வீட்டுக்கு. ஆகவே வெளிப்பந்தி ஒழிந்தது. முதற்பந்தியும் ஒழிந்தது. பந்தியே இல்லாத இடத்தில் சமபந்திக்கு என்ன வேலை?

புதிய ஏற்பாட்டை வாசிப்போர்க்கு அந்தியோகியாவில் நடந்தது தெரிந்திருக்கும். பேதுரு புறவினத்தாரோடு கூடி உண்டவர்தான். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். பேதுருவின் உபதேசத்தில் அங்கே பிழை காணப்படவில்லை. சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்ததே பிழை. பழைய ஏற்பாட்டிலே சாறிபாத் ஊர் விதவையின் கதையும் அப்படியே. பானையில் ஒரு பிடி மாவையும் கலயத்தில் சிறிது எண்ணெயையும் தவிர அவளிடம் வேறில்லை. பிடியரிசிப் பிரசங்கம் எதிலும் அவள் வராமல் இருந்ததில்லை. எத்தனை முறை கேட்டிருப்போம்! ஆனால் எலியா அந்தப் பிடி மாவை ஒரு சாக்கில் வாங்கிக்கொண்டு தம் ஊருக்குத் திரும்பவில்லை. அந்நிய நாட்டவளான அவள் அடுப்பிற் சுட்டதை உண்டு, அவள் வீட்டிலேயே நெடுநாள் தங்கியிருந்தார். அந்தப் பாதியை எந்தப் பிரசங்கியாரும் எமக்குச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்குமோ தெரியாது.

மாணவர் வந்துபோன இரண்டாம் நாள் சபை மூப்பர் இருவர் எம்மிடம் வந்தனர். வரவுப் பக்கத்தை மலரிற் படமாகப் போடலாம், அழகாயிருக்கும். செலவுப் பக்கம் வேண்டாம், பழைய புண்ணைக் கிளறுவானேன், மாணவருக்கு நீங்கள் சொன்னாற் கேட்பார் என்றனர். நல்ல மனிதர்கள். சபைக்கு உழைத்தவர்கள். அவர்கள் அச்சம் எமக்கு விளங்காமலில்லை. ஆயினும் அந்தப் புண் யாருடைய உடம்பில் இருக்கின்றதோ, அவரைக் கேட்காமல் கிளறவும் கூடாது, மூடவும் கூடாது என்று எமக்குப் பட்டது.

வியாழக்கிழமை முற்பகல் மாணவரையும் அழைத்துக்கொண்டு, கொப்பியோடு அந்த ஒழுங்கைக்குச் சென்றோம். கொடிகாமத்திற் கஞ்சி வார்த்தவர் இப்போது பேரப்பிள்ளை கண்டவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாய் வாசித்தார். செலவுப் பக்கத்தில் விரலை வைத்து, "இது அம்மாவின்ரை காலம்" என்றார். போடலாமோ என்று கேட்டோம்.

"ரண்டையும் போடுங்கோ, ஐயா. ஒண்டை மட்டும் போட்டால் கணக்குச் சரிவராதே."

எழுந்தோம். "எங்கை எழும்புறியள்? உலை வைச்சிட்டன்" என்றார். இருந்தோம். சிவப்பரிசிச் சோறு, முருங்கைக்காய்க் கறி, முசுட்டையிலை வறை, சொதி. மாணவர் இளைஞரல்லவா, மூன்று முறை வாங்கினார். எம் கோப்பையைப் பார்த்து, சொதி இன்னும் கொஞ்சம் விடட்டோ என்று கேட்டார். விடுங்கள் என்றோம்.